ரன் ஃப்ளாட்டைக் கழற்றி சாதா டயர் போட்டால்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் டயரில்தான் வந்து நிற்கும். கார் வரும்போதே ரன் ஃப்ளாட் டயரோடு வருகிறது. விலை அதிகம், பள்ளத்தில் இடிக்கிறது, சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) வீங்குகிறது. "பேசாம சாதா டியூப்லெஸ் போட்டுடுங்க சார்" என்று டயர் கடைக்காரர் சொல்கிறார். போட்ட மறுநாளில் இருந்து வேறு புகார்கள் கிளம்புகின்றன: ஸ்டியரிங் மிதக்கிறது, தொண்ணூறில் நடுங்குகிறது, மீட்டரில் டயர் லைட் அணைய மாட்டேன் என்கிறது. புது டயர் மேல் பழி விழுகிறது. பெரும்பாலும் டயர் மேல் தப்பே இருக்காது.

இதை எஃப்30 தலைமுறை 3 சீரிஸை மனத்தில் வைத்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பதும் அதுதான், 320டி. மற்ற மாடல்களில் போல்ட் அளவும் மெனுவின் பெயரும் மாறும், கோளாறு தேடும் வழி மாறாது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ரன் ஃப்ளாட் டயரின் பக்கச் சுவரில் கனமான ரப்பர் அடுக்கு ஒன்று உள்ளே ஓடுகிறது. காற்று முழுவதும் இறங்கினாலும் அந்தச் சுவரே காரின் எடையைத் தாங்கும். பொதுவாக 80 கி.மீ. வேகத்துக்குள் சுமார் 80 கி.மீ. தூரம் வரை ஓட்டிப் போய்விடலாம். அதை நம்பித்தான் கம்பெனி இந்தக் காரில் ஸ்டெப்னி வைக்கவில்லை. ரன் ஃப்ளாட்டைக் கழற்றினால் அதோடு ஸ்டெப்னியும் போய்விடுகிறது. அதற்கு மாற்று ஏற்பாடு செய்யாமல் டயரை மட்டும் மாற்றுவது பாதி வேலைதான். அந்த ஏற்பாட்டைப் பற்றிக் கடைசியில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

கோளாறு எதுவானாலும் தேடும் வரிசை ஒன்றே. முதலில் காற்று, அடுத்து டயர் ரிம்மில் உட்கார்ந்த விதம், அப்புறம் பேலன்சிங், அலைன்மென்ட். சஸ்பென்ஷன் கடைசி. செலவில்லாததில் இருந்து செலவு வைப்பதை நோக்கிப் போகிற வரிசை இது. சர்வீஸ் சென்டரில் சில சமயம் கடைசியில் இருந்து தொடங்குவார்கள். நீங்கள் முதல் இரண்டை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போனால் பில் பாதியாகக் குறையலாம்.

மாற்றும் முன்: ஒவ்வொரு பள்ளமும் முதுகில் இடிக்கிறது

ரன் ஃப்ளாட் என்றாலே இடிக்கத்தான் செய்யும் என்று முடிவு கட்டுவதற்கு முன் காற்றைப் பாருங்கள். பெட்ரோல் பங்கில் எந்தக் கார் வந்தாலும் ஒரே அளவு அடித்து அனுப்பும் பழக்கம் இருக்கிறது. உங்கள் காருக்கு எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி எண், ஆள் குறைவாகப் போகும்போது ஒன்று, குடும்பமும் லக்கேஜுமாகப் போகும்போது இன்னொன்று. அதில் பார் கணக்கில் இருந்தால் 14.5-ஆல் பெருக்குங்கள், பிஎஸ்ஐ கிடைக்கும்.

அந்த எண் குளிர்ந்த டயருக்கானது. கார் சில மணி நேரம் நிழலில் நின்ற பிறகு, காலையில் வெயில் ஏறும் முன் அளப்பது நல்லது. வெப்பம் 5, 6 டிகிரி செல்சியஸ் ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ ஏறும். மே மாத மத்தியானத்தில் ஓடி வந்த டயரை அளந்து, "அதிகமா இருக்கு" என்று காற்றைப் பிடுங்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைவான காற்றில்தான் கிளம்புவீர்கள்.

காற்று சரியாக இருந்தும் இடிக்கிறதென்றால் டயரின் வயதைப் பாருங்கள். சைடுவாலில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. வயதான ரப்பர் இறுகிப் போயிருக்கும். ரன் ஃப்ளாட்டில் அந்த இறுக்கம் இரட்டிப்பாகத் தெரியும்.

சைடுவாலில் வீக்கம்

நம் சாலைகளில் ரன் ஃப்ளாட்டைக் கொல்வது ஆணி அல்ல, பள்ளத்தின் விளிம்புதான். வேகமாகப் போய் விளிம்பில் மோதும்போது டயர் அந்த விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்குகிறது. உள்ளே ஓடும் நூல் இழைகள் சில அறுந்துபோகின்றன. அறுந்த இடத்தில் ரப்பர் மட்டும்தான் காற்றைத் தாங்குகிறது. அதுதான் வெளியே வீக்கமாகத் தெரிகிறது. இதற்கு ஒட்டு, தையல் எதுவும் கிடையாது. சின்னதாக இருக்கிறது, ஓட்டிப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அது எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மெதுவாக டயர் கடை வரை ஓட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

வீக்கம் வெளிப்பக்கம்தான் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். உள்பக்கத்தில் வந்தால் மாதக்கணக்கில் தெரியாமலே ஓடும். முன் சக்கரத்துக்கு ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பிவிட்டு டார்ச் அடித்துப் பார்க்கலாம். பின் சக்கரத்துக்கு லிஃப்ட்டில் ஏற்றித்தான் ஆக வேண்டும். டயர் மோதிய அடியை ரிம்மும் வாங்கியிருக்கும். விறைப்பான சுவர் அடியை உள்வாங்காமல் ரிம்முக்கே தள்ளிவிடுவதால், ரன் ஃப்ளாட் ஓடும் கார்களில் அலாய் வீல் வளைவதும் கீறுவதும் சகஜம்.

இங்கே ஒரு யோசனை. உங்கள் கார் 18 அங்குல வீலில் ஓடுகிறது, அடிக்கடி வீக்கம் வருகிறது என்றால், ரன் ஃப்ளாட்டை மாற்றுவதோடு 17 அங்குல வீலுக்கு இறங்குவதையும் யோசியுங்கள். 225/45 ஆர்18 டயரை விட 225/50 ஆர்17 டயரின் சுவர் உயரமானது. பள்ளத்தை வாங்கிக்கொள்ள இடம் இருக்கிறது. டயர் வகையை மாற்றுவதில் கிடைக்கும் பலனை விட இதில் கிடைக்கும் பலன் பெரியது என்பது என் கணிப்பு. வீல் பிரேக் காலிப்பரைத் தொடாமல் சுற்றுகிறதா என்று பொருத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எந்த டயர் வாங்குவது என்ற குழப்பம்

ரன் ஃப்ளாட்டுக்கென்று செய்த ரிம்மில் சாதா டியூப்லெஸ் டயர் தாராளமாகப் போடலாம். அந்த ரிம்மில் டயர் கழன்று வராமல் பிடிக்கும் மேடு கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

பார்க்க வேண்டியது லோடு இண்டெக்ஸ், அதாவது டயர் தாங்கும் எடைக்கான எண். 225/50 ஆர்17 அளவில் 94 என்று இருந்தால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும். 91 என்றால் 615 கிலோ, 95 என்றால் 690 கிலோ. பழைய டயரில் இருந்த எண்ணுக்குக் கீழே போகவே கூடாது. கடையில் கையிருப்பு இருக்கிறதே என்று குறைந்த எண்ணைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். விலையைப் பேசும் முன் இந்த எண்ணைப் பேசிவிடுங்கள். அடுத்துள்ள எழுத்து வேகத்துக்கானது: வி என்றால் 240 கி.மீ., டபிள்யூ என்றால் 270 கி.மீ. அதிலும் இறங்க வேண்டாம்.

நான்கும் சாதாவாக இருக்க வேண்டும். முன்னால் இரண்டு ரன் ஃப்ளாட், பின்னால் இரண்டு சாதா என்று கலந்தால் காரின் இரண்டு முனைகளும் இரண்டு விதமாக வளையும். மழையில் திடீரென்று ஒதுங்க வேண்டி வந்தால் அது ஆபத்தில் கொண்டுபோய் விடும். பழையது ரன் ஃப்ளாட்தானா என்று தெரியவில்லை என்றால் சைடுவாலைப் படியுங்கள். பிரிட்ஜ்ஸ்டோனில் ஆர்எஃப்டி, மிஷலினில் இசட்பி, கான்டினென்டலில் எஸ்எஸ்ஆர், குட்இயரில் ஆர்ஓஎஃப், ஹான்கூக்கில் எச்ஆர்எஸ் என்று எழுதியிருக்கும்.

கார் இன்னும் வாரண்டியில் இருந்தால் சர்வீஸ் சென்டரிலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்ன வார்த்தை கிளெய்ம் நேரத்தில் உதவாது.

புது டயர் போட்டதும் ஸ்டியரிங் மிதக்கிறது

இது எல்லாரும் சொல்லும் முதல் புகார். இரண்டு காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்து வரும், பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, டயரின் புதுசு. அச்சில் இருந்து எடுக்கும்போது ஒட்டாமல் இருக்கப் பூசிய பூச்சு மேலே இருக்கும், புது ரப்பர் கட்டைகளும் உயரமாக இருக்கும். முதல் 300 கி.மீ. வரை முழுப் பிடிப்பு வராது என்று பிஎம்டபிள்யூ கையேடே சொல்கிறது. அதுவரை வளைவில் வேகம் வேண்டாம், மழையில் இடைவெளி கூடுதலாக விடுங்கள். இந்தத் தூரம் ஓடும் முன் டயரைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்லாதீர்கள்.

இரண்டாவது, சுவரின் இளக்கம். ரன் ஃப்ளாட்டில் ஸ்டியரிங்கை அசைத்த உடனே கார் திரும்பும். சாதா டயரில் சுவர் முதலில் கொஞ்சம் வளைந்து, அப்புறம்தான் கார் திரும்பும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் இந்த வித்தியாசம் ஒவ்வொரு திருப்பத்திலும் கையில் தெரியும். நேர் சாலையில் இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

பழகவில்லை என்றால் செய்ய வேண்டியது: காற்றை ஸ்டிக்கர் அளவுக்கு வைத்து ஒரு வாரம் ஓட்டுங்கள். பிறகு நான்கிலும் 1 பிஎஸ்ஐ ஏற்றிப் பாருங்கள். அதுவும் போதவில்லை என்றால் இன்னொரு 1. அதற்கு மேல் போக வேண்டாம்; சொகுசுக்காகத்தானே மாற்றினோம், அது போய்விடும், டயரின் நடுப்பகுதியும் சீக்கிரம் தேயும். ஸ்டிக்கர் அளவுக்குக் கீழே இறக்கி மெத்தென்று ஓட்டுகிறவர்களும் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள். காற்று குறைந்த சாதா டயரின் சுவர் ஓட ஓடச் சூடாகும்; கோடையில் தேசிய நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று.

மிதப்பு ஒரு பக்கமாக இழுப்பதோடு சேர்ந்து வந்தால் அது இளக்கம் இல்லை. அதைக் கீழே தனியாகப் பாருங்கள்.

இன்னொன்றும் நடக்கும். டயர் மாற்றியதும், முன்பு கேட்காத 'டக் டக்' சத்தம் மெதுவாகப் போகும்போது கேட்கும். ரன் ஃப்ளாட்டின் இடி அத்தனையையும் மூடிக்கொண்டிருந்தது. இப்போது அது போனதும் சஸ்பென்ஷனில் தேய்ந்திருக்கும் ஸ்டெபிலைசர் லிங்க்கும் கன்ட்ரோல் ஆர்ம் புஷ்ஷும் வாய் திறக்கின்றன. டயரை மாற்றச் சொல்லி மறுபடி கடைக்குப் போக வேண்டாம், மெக்கானிக்கிடம் போங்கள்.

80-ல் இருந்து 110 வரை நடுக்கம்

நடுக்கம் எங்கே தெரிகிறது என்று முதலில் கவனியுங்கள். ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் சக்கரம். சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பெரும்பாலும் பின் சக்கரம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் தெரிந்தால் டிஸ்க், அல்லது முன் சஸ்பென்ஷனில் எண்ணெய் நிரப்பிய புஷ் கசிந்திருக்கிறது. பின்னது எஃப்30-ல் வயதான கார்களுக்கு வரும் சீக்கு. அந்தப் புஷ்ஷைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா என்று லிஃப்ட்டில் பார்த்தால் தெரிந்துவிடும்.

டயர் மாற்றிய அன்றே தொடங்கிய நடுக்கம் என்றால் டயர் ரிம்மில் உட்கார்ந்த விதத்தைப் பாருங்கள். ரிம்மை ஒட்டி டயரில் மெல்லிய கோடு ஒன்று சுற்றி ஓடும். அந்தக் கோட்டுக்கும் ரிம் விளிம்புக்கும் உள்ள இடைவெளி முழு வட்டத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு இடத்தில் கோடு ரிம்முக்குள் மறைந்திருந்தால் அங்கே டயர் சரியாக ஏறவில்லை. ரன் ஃப்ளாட் ரிம்மில் அந்த மேடு பெரியது என்று சொன்னேன் அல்லவா, அதனால்தான் இது இந்த ரிம்களில் அடிக்கடி நடக்கிறது. காற்றை முழுவதும் இறக்கி, ஓரத்தில் தாராளமாகப் பேஸ்ட் தடவி, மறுபடி காற்று ஏற்றச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக 'டப்' என்று சத்தம் கேட்க வேண்டும். ஒரு சத்தம்தான் கேட்டது என்றால் வேலை முடியவில்லை.

கோடு சரியாக இருந்தால் அடுத்தது பேலன்சிங். மெஷினில் வீலை மாட்டும் முன் நடுத்துளையும் ரிம்மின் பின்புறமும் சுத்தமாக இருக்க வேண்டும். பழைய எடைக்கட்டி ஒட்டியிருந்த பசை, காய்ந்த சேறு இரண்டும் கணக்கைக் கெடுக்கும். வீல் சும்மா சுற்றும்போது ரிம்மின் ஓரத்தைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். வளைந்த ரிம் ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும். ரிம் வளைந்திருந்தால் எத்தனை எடை ஒட்டினாலும் நடுக்கம் போகாது.

காரில் மாட்டும்போதும் ஒரு இடறல் இருக்கிறது. எஃப்30 வீலின் நடுத்துளை 72.6 மி.மீ.; அது ஹப்பில், அதாவது வீல் மாட்டும் அச்சுத் தலையில், கச்சிதமாக உட்கார வேண்டும். வெளியில் வாங்கிய வீலில் துளை பெரிதாக இருந்தால் சரியான வளையம் போட்டாக வேண்டும். ஹப்பின் முகத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். போல்ட் முறுக்கு 140 நியூட்டன் மீட்டர். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கி அனுப்பிவிடுவது கடைகளில் வழக்கம். முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் கேட்டு வாங்கி இறுக்கச் சொல்லுங்கள், 100 கி.மீ. ஓடிய பிறகு ஒரு முறை சரிபாருங்கள்.

டயர் எச்சரிக்கை அணையவில்லை

இந்தக் கார்களில் காற்றைக் கவனிக்கும் ஏற்பாடு இரண்டு வகை. ஒன்றில் ஒவ்வொரு வீலுக்குள்ளும் சென்சார் இருக்கும். டேஷ்போர்டு நடுவில் உள்ள ஐடிரைவ் திரையில் ஒவ்வொரு டயரின் காற்றழுத்தமும் எண்ணாகத் தெரியும். மற்றதில் சென்சாரே கிடையாது. ஏபிஎஸ் சொல்லும் சக்கர வேகத்தை வைத்து, எந்தச் சக்கரம் மற்றவற்றை விட வேகமாகச் சுற்றுகிறது என்று பார்க்கும். காற்று இறங்கிய டயரின் சுற்றளவு குறைவதால் அது வேகமாகச் சுற்றும்.

இரண்டாவது வகைக்கு டயர் மாற்றியதும், காற்று சரிசெய்ததும் ரீசெட் கட்டாயம். நான்கிலும் காற்றைச் சரிசெய்துவிட்டு, காரை நிறுத்தி எஞ்சினை ஓட விட்டு, ஐடிரைவில் வெஹிக்கிள் இன்ஃபோ, வெஹிக்கிள் ஸ்டேட்டஸ் என்று போனால் டயர் மானிட்டர் ரீசெட் இருக்கும். அதை அழுத்திவிட்டு ஓட்டத் தொடங்குங்கள். ஓட ஓடத்தான் அது கற்றுக்கொள்ளும், உடனே முடியாது. காற்றைச் சரிசெய்யாமல் ரீசெட் அடித்தால், தப்பான அளவையே சரியென்று மனப்பாடம் செய்துகொள்ளும். நான்கு டயரிலும் ஒரே அளவு காற்று குறைந்தாலும் இந்த வகையால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே மாதம் ஒரு முறையாவது கேஜ் வைத்து அளப்பதை விடாதீர்கள்.

சென்சார் வகையில் லைட் அணையாவிட்டால், டயர் கழற்றும்போது கடப்பாரை முனை சென்சாரில் பட்டு உடைந்திருக்கலாம், அல்லது பேட்டரி தீர்ந்திருக்கலாம். அந்தப் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும். பழைய கார் என்றால், டயர் கழற்றியிருக்கும்போதே மாற்றிவிடுவது இரட்டைக் கூலியை மிச்சப்படுத்தும்.

இதைவிட முக்கியமான ஒன்று. பஞ்சர் ஆனால் திரையில் வரும் செய்தி, 80 கி.மீ. வேகத்துக்குள் தொடர்ந்து ஓட்டலாம் என்கிற தொனியில் இருக்கும். கார் தன் காலில் இன்னும் ரன் ஃப்ளாட் இருப்பதாக நினைத்துச் சொல்வது அது. சாதா டயர் போட்ட பிறகு அந்த வரியை நம்பவே கூடாது. எச்சரிக்கை வந்தால் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்த வேண்டியதுதான். காற்றில்லாத சாதா டயரில் சில நூறு மீட்டர் ஓடினாலே சுவர் நொறுங்கி, ஒட்டிச் சரியாகியிருக்க வேண்டிய டயர் குப்பைக்குப் போகும். வீட்டில் வேறு யாராவது காரை எடுத்தால் இதை அவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

வாரத்துக்கு இரண்டு பிஎஸ்ஐ இறங்குகிறது

டயரில் ஆணி இல்லை, ஆனால் காற்று நிற்கவில்லை. வால்வில் இருந்து தொடங்குங்கள். எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்தால் குமிழி வரும். வரவில்லையென்றால் வீலைக் கழற்றிச் சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். டயரும் ரிம்மும் சேரும் ஓரத்தில் நுரை வந்தால் அங்கே அழுக்கோ அரிப்போ இருக்கிறது. டயரை இறக்கி ரிம்மைத் தேய்த்துச் சுத்தம் செய்து ஏற்றினால் தீரும்.

இந்தக் கார்களில் நிறையப் பேர் பார்க்கத் தவறும் இடம் ரிம்மின் உள்பக்கப் பீப்பாய். வீலைக் கவிழ்த்து வைத்து, ஸ்போக் ரிம்மோடு சேரும் இடத்துக்குப் பின்னால் சோப்புத் தண்ணீரைத் தடவிவிட்டுப் பொறுமையாக நில்லுங்கள். பெரிய குமிழி எதிர்பார்க்காதீர்கள். ஒரு நிமிடம் கழித்து, தலைமுடி அளவுக் கோட்டில் வெள்ளையாக மிக நுண்ணிய நுரை திரளும். ரன் ஃப்ளாட் காலத்தில் பள்ளத்தில் வாங்கிய அடி அது. அலாய் வீலை வெல்டு வைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். முன் சக்கரத்தில் வெல்டு வைத்த ரிம்மைப் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் போக எனக்கு மனம் வராது. வேறு ரிம் வாங்குங்கள்.

இழுப்பு, ஓரத் தேய்மானம், ஊளைச் சத்தம்

ஒரு பக்கமாக இழுத்தால் முன் இரண்டு வீல்களையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். அம்புக்குறி போட்ட ஒருதிசை டயர் என்றால் இது ஒத்துவராது. இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான் காரணம், கடைக்காரரிடம் மாற்றிக் கேளுங்கள். மாறவில்லையென்றால் அலைன்மென்ட். உங்கள் மாடலின் பிஎம்டபிள்யூ அளவு மெஷினில் இருக்கிறதா, கார் உயரத்தையோ ஏற்ற வேண்டிய எடையையோ கணக்கில் எடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் காரை ஏற்றுங்கள்.

பின் டயரின் உள்ஓரம் மட்டும் தேய்வது இந்தக் கார்களில் புதிதல்ல. பின் சக்கரங்கள் மேலே கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்திருக்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். டோ அளவு (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) தவறினால் அந்த ஓரம் வேகமாகப் போய்விடும். வெளியில் 4 மி.மீ. பட்டன் (டயர் தடத்தின் ஆழம்) இருக்கும், உள்ளே கம்பி தெரியும். சட்டப்படி குறைந்தது 1.6 மி.மீ. பட்டன் வேண்டும், மழைக்கு 3 மி.மீ. இருக்கும்போதே மாற்றிவிடுவது என் வழக்கம்.

ஊளைச் சத்தம் புது டயரில் வந்தால், டயரின் வெளிப்பக்கம் என்று எழுதியிருக்கும் பக்கம் நான்கு வீலிலும் வெளியேதான் இருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் ஒன்று திரும்பிப் போயிருக்கும்.

எக்ஸ்டிரைவ், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் மாடல் என்றால் நான்கும் ஒரே பிராண்டு, ஒரே பேட்டர்ன், ஏறக்குறைய ஒரே தேய்மானம். சுற்றளவு வித்தியாசப்பட்டால் டிஎஸ்சி (கார் சறுக்காமல் காக்கும் ஏற்பாடு) லைட் எரிவதோடு நிற்காது, முன் பின் சக்கரங்களுக்கு இழுவிசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸும் அடி வாங்கும்.

வழியில் பஞ்சர், பூட்டில் ஸ்டெப்னி இல்லை

விக்கிரவாண்டி டோலைத் தாண்டி உளுந்தூர்பேட்டை நோக்கி இரவு பத்து மணிக்குப் போகிறீர்கள், எச்சரிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த இடத்துக்காகத்தான் முன்கூட்டியே தயாராக வேண்டும்.

பூட்டில் இருக்க வேண்டியவை: 12 வோல்ட் பிளக்கில் ஓடும் காற்று கம்ப்ரஸர், டியூப்லெஸ் பஞ்சர் கிட், ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் சீலன்ட் திரவம் ஒரு பாட்டில், கேஜ், டார்ச், கையுறை, எச்சரிக்கை முக்கோணம். முடிந்தால் ஸ்பேஸ் சேவர் (ஒல்லியான தற்காலிக) ஸ்டெப்னியும் ஜாக்கியும். எஃப்30-ல் அதற்கென்று குழி இல்லை. பூட் தளத்தின் மேல்தான் உட்காரும், லக்கேஜ் இடம் குறையும். வெளியூர் போகும்போது மட்டும் ஏற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. ஆனால் அதை ஒரு பட்டையால் கட்டி வையுங்கள். மோதலில் அவ்வளவு எடை பறந்து வரும். சட்டத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2020-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, டியூப்லெஸ் டயரோடு காற்றழுத்தக் கண்காணிப்பும் (டிபிஎம்எஸ்) பஞ்சர் ரிப்பேர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமல் இருக்கலாம். ஆகவே டிபிஎம்எஸ் லைட்டை அணைக்கச் சொல்லி ஒதுக்கிவிடாதீர்கள். கிட்டும் எப்போதும் காரிலேயே இருக்கட்டும்.

நடக்க வேண்டிய வரிசை இது. ஹசார்டு போட்டு, சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி, சமமான இடத்தில் நிறுத்துங்கள். குடும்பத்தைத் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடுங்கள். லாரிகள் போகும் பக்கத்து டயர் என்றால் நீங்களும் கை வைக்காதீர்கள், உதவி வரும்வரை காத்திருங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்கு அடிக்கலாம்.

ஓட்டை தரையைத் தொடும் பகுதியில் இருந்து, காற்று மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால் ஆணியைப் பிடுங்காதீர்கள். கம்ப்ரஸரைப் போட்டுக் காற்று ஏற்றிவிட்டு அடுத்த பஞ்சர் கடை வரை ஓட்டுவதே நல்லது. நம் நெடுஞ்சாலைகளில் டீக்கடைக்குப் பக்கத்தில் தொங்கும் பழைய டயரைப் பார்த்தாலே கடை தெரிந்துவிடும். காற்று நிற்கவே இல்லை என்றால், ஆணியை எடுத்துவிட்டு அரம் போட்டுத் துளையைத் தேய்த்து, கிட்டில் உள்ள ரப்பர் ஸ்ட்ரிப்பை ஊசியில் கோத்து உள்ளே தள்ளி, ஊசியை மட்டும் வெடுக்கென்று உருவுங்கள். ஊருக்குப் போனதும் டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் பேட்ச் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிப்போடு நெடுஞ்சாலை வேகம் வேண்டாம்.

கை பழக்கம் இல்லாதவர்களுக்குச் சீலன்ட். சுமார் 6 மி.மீ. வரையிலான துளைக்குத்தான் அது கேட்கும். உள்ளே ஏற்றியதும் நிற்காமல் கிளம்பி 80 கி.மீ. வேகத்துக்குள் பத்து நிமிடம் ஓட்டினால்தான் உள்ளே பரவும். நிறுத்தி அளந்து பாருங்கள், 1.3 பாருக்குக் கீழே, அதாவது சுமார் 19 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கியிருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாட்டிலில் காலாவதித் தேதி இருக்கிறது. வெயிலில் பூட்டுக்குள்ளேயே கிடப்பதால் வருடம் ஒரு முறை பாருங்கள்.

ஸ்பேஸ் சேவர் போட்டால் 80 கி.மீ. வேகம்தான் எல்லை. அதில் அடிக்க வேண்டிய காற்று பொதுவாக 4.2 பார், 60 பிஎஸ்ஐ. மாதக்கணக்கில் கிடக்கும் ஸ்டெப்னியில் காற்று இறங்கியிருக்கும், மற்ற டயரை அளக்கும்போது இதையும் அளங்கள். பின்னால் அது ஓடும்போது டிஎஸ்சி லைட் எரிந்தால் பதற வேண்டாம், டயர் சரியானதும் போய்விடும். ஜாக்கியை அடியில் உள்ள சதுர பிளாஸ்டிக் திட்டில் மட்டும் வையுங்கள், தகட்டில் வைத்தால் மடங்கும். இந்தக் காரில் நட்டு கிடையாது, போல்ட். வீலைக் கையில் தாங்கிக்கொண்டே துளையை நேராக்க வேண்டும், இரவில் தனியாக அது பெரிய அவஸ்தை. ஹப்பில் திருகிக்கொள்ளும் வழிகாட்டிக் கம்பி ஒன்று கிட்டோடு வாங்கி வையுங்கள்; 14 மி.மீ., 1.25 மரை.

சைடுவால் கிழிந்திருந்தால் ஸ்ட்ரிப்பும் சீலன்ட்டும் பயன்படாது. ஸ்டெப்னி இல்லையென்றால் டோ வண்டிதான். முழுக் காரையும் மேலே ஏற்றும் பிளாட்பெட் கேளுங்கள். ஆட்டோமேட்டிக் காரின் பின் சக்கரத்தைத் தரையில் உருட்டி இழுக்க விடாதீர்கள். காரை இழுத்து ஏற்ற முன்னால் மாட்டும் கொக்கி பூட்டுக்கடியில் டூல் பெட்டியில் இருக்கும், அது திருகும் துளை பம்பரில் ஒரு சின்ன மூடிக்குப் பின்னால் இருக்கும். வீலுக்கு ஒரு பூட்டுப் போல்ட் போட்டிருந்தால் அதைத் திறக்கும் சாவியும் அதே பெட்டியில்தான் இருக்க வேண்டும். டயர் கடையில் வேலை முடிந்ததும் அந்தச் சாவி பெட்டிக்குத் திரும்பி வந்ததா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.